பின்வாசல் பாத்திகள், நானுஓயா (இலங்கை மலைநாடு)

ஜனவரி 3
மூன்றாம் பாத்தியில் கரட் போட்டாச்சு. பத்தடிக்கு மூன்றடி. ஒரு தேக்கரண்டி விதையை ஒரு டம்ளர் காய்ந்த மணலில் கலந்து, ஒன்பது அங்குலத்துக்கு ஒரு கோடு கிழித்து, அரை அங்குல ஆழத்தில் தூவி மூடியது. மேலே நனைத்த சாக்கு. சாணம் போடவில்லை. போன முறை லீக்ஸுக்குப் போட்டதே மண்ணில் இருக்கிறது. புதுச் சாணம் பட்டால் கரட் இரண்டு மூன்று காலோடு வரும். கல் தட்டினாலும் அப்படித்தான்.

ஜனவரி 5
சாக்கைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு நாளில் என்ன இருக்கும்?

ஜனவரி 6
இரண்டு கோவா (முட்டைக்கோஸ்) மட்டும் மத்தியானம் துவண்டு போகிறது, பொழுது சாய்ந்தால் நிமிர்கிறது. “தண்ணி பத்தல தங்கச்சி” என்றார் மேல் லயத்து அக்கா. மூன்று நாள் ஊற்றியதுதான் மிச்சம். இன்றைக்குப் பிடுங்கினால் வேர் இஞ்சி மாதிரி முண்டும் முடிச்சுமாக வீங்கிக் கிடக்கிறது. முண்டு வேர் நோய்.

தேயிலை நின்ற மண் புளிப்பு மண். புளிப்பை அளக்கும் பி.எச். கணக்கில் தேயிலை கேட்பது 4.5 முதல் 5.5 வரை, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். இந்த நோயை அடக்க மண் 7-ஐத் தாண்ட வேண்டும். புளிப்பைக் குறைக்கும் டொலமைட் சுண்ணாம்பு சதுர மீட்டருக்கு 200 கிராம் என்றால் இந்தப் பாத்திக்கு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. அதுவும் ஒரே தடவையில் மண்ணை மாற்றிவிடாது, போகத்துக்குப் போகம் போட வேண்டும். கூடவே யூரியாவோ பச்சைச் சாணமோ போட்டால் தழைச்சத்து காற்றில் போய்விடும், இரண்டு கிழமையாவது இடைவெளி விடணும்.

பிடுங்கியதைக் குப்பைக் குழியில் போடாமல் எரித்தேன். மம்பட்டியைக் கழுவினேன், செருப்பையும். இந்த நோய் பத்து வருஷத்துக்கு மேலும் மண்ணில் கிடக்கும், சேற்றோடு அடுத்த பாத்திக்கும் போகும். கோவா நின்ற பாத்தியில் இனி நோக்கோல், ராபு (முள்ளங்கி), பூக்கோவா ஒன்றும் கூடாது, எல்லாம் ஒரே குடும்பம். லீக்ஸ் வைக்கலாம். நாற்றோடு வந்த வினைதான் என்று நினைக்கிறேன். நாற்று வாங்கும்போது வேரைப் பார்க்காதது என் தப்பு.

ஜனவரி 8
மழை இல்லை. காற்றும் இல்லை. அதுதான் பயம், பனி விழும்.

ஜனவரி 9
மாலை ஆறரை மணிக்கு வானத்தில் ஒரு முகில் கிடையாது. இலை அசையவில்லை. குளிர்ந்த காற்று கனம், தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். பள்ளத்தில் இருப்பது உருளைக்கிழங்கு. கீழ் வேலி அடர்ந்து அணை மாதிரி நிற்கிறது, இரண்டு முழம் வெட்டித் திறந்துவிட்டேன், குளிர் வடிந்து போகட்டும்.

மானாப்புல் மூடாக்கையும் காலையிலேயே ஒதுக்கியாச்சு. வெயில் காலத்தில் ஈரம் காப்பது அதுதான், ஆனால் பனி இரவில் மண்ணின் சூட்டை மேலே வரவிடாது. வெறும் மண், அதுவும் ஈர மண், பகல் சூட்டை வாங்கி இரவில் கொடுக்கும். அதனால் மத்தியானத்துக்கு முன்னே தண்ணீர் விட்டேன். படங்கை, அதுதான் செடி மூடுகிற விரிப்பை, குச்சி நட்டு அதன் மேல் விரித்தேன், இலையில் படாமல், ஓரம் தரையைத் தொடுகிற மாதிரி. படங்கு எட்டுத்தான் இருக்கிறது. பத்து வேணும்.

ஜனவரி 10
ஐந்தரைக்கு டோர்ச்சோடு போனேன். படங்கின் மேல் உப்புத் தூவிய மாதிரி துகள் உறைபனி. மூடாத ஓரத்தில் ஏழு உருளைக்கிழங்குச் செடி. வெயில் விழுவதற்குள் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைத்தும் பத்து மணிக்கு அவித்த கீரை மாதிரி கறுத்துவிட்டது. வெட்டப் போவதில்லை. தண்டு பச்சையாக இருந்தால் கணுவில் துளிர்க்கும், இரண்டு கிழமை பார்ப்போம். யூரியா கொடுத்துத் தூக்கி நிறுத்தப் பார்க்கவும் கூடாது, இளந்தளிரைத்தான் அடுத்த பனி முதலில் தின்னும்.

லீக்ஸ் ஒன்றும் ஆகாமல் நிற்கிறது. போஞ்சி (பீன்ஸ்) போடாமல் விட்டது எவ்வளவு நல்லது.

கரட் சாக்கின் கீழே இன்னும் ஒன்றுமில்லை.

ஜனவரி 12
லீக்ஸ் நாற்று பென்சில் மொத்தம் ஆகிவிட்டது. ஆறு அங்குல வாய்க்காலில் நாலு அங்குலத்துக்கு ஒன்று. வளர வளர மண் அணைத்தால் தண்டு வெள்ளையாக நீளும். நாம்தான் பச்சை இலையையும் சேர்த்து வதக்குகிற ஆட்கள், அதற்காக ரொம்ப மெனக்கெட வேண்டாம்.

ஜனவரி 14
நாளைக்குப் பொங்கல். கரட் வந்துவிட்டது! பதினோராம் நாள். புல் மாதிரி இரண்டு இரண்டு இலை, கோட்டுக்குக் கோடு. பகல் வெயிலில் சாக்கை எடுத்தால் கருகும், நாலரைக்குத்தான் எடுத்தேன். மூன்று முறை போய்ப் பார்த்தாச்சு.

ஜனவரி 17
மூன்று லீக்ஸ் தரையோடு அறுந்து கிடந்தது. பக்கத்தில் ஓர் அங்குலம் கிளறினால் சாம்பல் நிறத்தில் சுருண்டு படுத்திருக்கிறது வெட்டுப்புழு. காலையிலேயே தேடணும், வெயில் ஏறினால் ஆழத்துக்குப் போய்விடும். நாலு பிடித்தேன். கரட்டிலும் ஒரு கோட்டில் இடைவெளி தெரிகிறது.

ஜனவரி 18
கறுத்த ஏழில் ஐந்து துளிர்த்திருக்கிறது. அரிசி அளவுத் துளிர்.

ஜனவரி 19
வானம் மறுபடியும் வெளுத்துக் கிடக்கிறது. படங்கு இன்னும் எட்டுத்தான். கட்டில் விரிப்பை எடுத்துக்கொண்டு போகிறேன்.