சாரம் கூடினால் சமிக்ஞை குறைகிறது

மார்ச் 4

செல்களில் கேஎஸ்ஆர்1 என்ற, மற்ற புரதங்களைச் சேர்த்துப் பிடிக்கும் சாரப் புரதத்தை வழக்கத்தைவிட நிறைய உண்டாக்கினேன். ஈஆர்கே என்ற புரதம் கடத்தும் சமிக்ஞை எகிறும் என்று உறுதியாக நம்பியிருந்தேன். புரதங்களைப் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் நேர்மாறாக வந்திருக்கிறது. பிளாஸ்மிட் (கேஎஸ்ஆர்1 மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுபோகும் டிஎன்ஏ வளையம்) மிக அதிகமாகப் போட்ட செல்களில்தான் பாஸ்போ-ஈஆர்கே பட்டை, அதாவது பாஸ்பேட் ஏறிச் செயலுக்கு வந்த ஈஆர்கேயின் பட்டை, மங்கிக் கிடக்கிறது. புரதத்தை அடையாளம் காட்டும் ஆன்டிபாடி கெட்டுப்போயிருக்குமோ என்று சந்தேகம்.

மார்ச் 7

புது ஆன்டிபாடி, புதிதாக வளர்த்த செல்கள். அதே மங்கல். மொத்த ஈஆர்கே எல்லாத் தடங்களிலும் ஒரே அளவுதான். அப்படியென்றால் ஈஆர்கே குறையவில்லை, அதன் மேல் பாஸ்பேட் ஏறுவதுதான் குறைந்திருக்கிறது.

கேஎஸ்ஆரை 1995இல் பழ ஈயிலும் உருளைப்புழுவிலும் கண்டுபிடித்தார்கள். பெயரில் கைனேஸ் (மற்ற புரதங்களின் மேல் பாஸ்பேட் ஏற்றும் நொதி) இருக்கிறது, ஆனால் கைனேஸ் வேலை அதற்கு அவ்வளவாக வராது. ராஃப், மெக், ஈஆர்கே என்ற மூன்று கைனேஸ்களையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து நிறுத்துவதுதான் அதன் முக்கிய வேலை. ராஃப் மெக் மேல் பாஸ்பேட்டை ஏற்றும், மெக் ஈஆர்கே மேல் ஏற்றும். கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதுபோல என்பதால் இவற்றைச் சாரப் புரதங்கள் என்று எழுதிவருகிறேன். பொருத்தம் பாதிதான். கட்டடம் எழும்பியதும் சாரத்தைப் பிரித்துவிடுவார்கள். செல்லில் அது வேலையின் ஒரு பாகமாகவே இருக்கிறது.

மார்ச் 8

இரவு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ராஃப் 10, மெக் 10, ஈஆர்கே 10 என்று வைத்துக்கொள்வோம். சாரமும் 10 இருந்தால் ஒவ்வொன்றிலும் மூன்றும் உட்கார்ந்துவிடலாம். பத்துக் கூட்டணி கிடைக்கும். இப்போது சாரம் 100. ஒரு சாரத்தில் ராஃப் இருக்க வாய்ப்பு பத்தில் ஒன்று, மெக்குக்கும் ஈஆர்கேவுக்கும் அப்படியே. மூன்றும் ஒரே சாரத்தில் சேர வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. நூறு சாரங்களிலும் சேர்த்துச் சராசரியாக 0.1 கூட்டணி!

சரி, ஆன்டிபாடியின் மேல் குற்றமில்லை. ஒவ்வொருவரும் ஆளுக்கொரு சாரத்தில் தனியாக மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். 2000ஆம் ஆண்டிலேயே லெவ்சென்கோ, புரூக், ஸ்டெர்ன்பெர்க் மூவரும் கணினி மாதிரியில் இதைக் காட்டியிருக்கிறார்கள். படித்தபோது தலையாட்டிவிட்டுக் கடந்துபோயிருந்தேன். என் பிளாட்டில் பார்த்த பிறகுதான் உறைக்கிறது.

மார்ச் 11

ஆக்சின் என்ற இன்னொரு சாரப் புரதத்தைப் பற்றிப் படிக்க உட்கார்ந்து ஷேங்க்3 பக்கம் போய்விட்டேன். நரம்புச் செல்களின் சந்திப்பில், சமிக்ஞையை வாங்கும் பக்கத்தில், ஏற்பிகளையும் அவற்றுக்குக் கீழே உள்ள புரதங்களையும் இணைத்துப் பிடிக்கும் சாரம் இது. இதன் மரபணு 22ஆம் குரோமோசோமின் நுனியருகே இருக்கிறது. இரண்டு பிரதிகளில் ஒன்று போனாலே ஃபீலன்-மெக்டெர்மிட் நோய்க்குறி வரலாம். பேச்சு வராமலோ மிகத் தாமதமாகவோ போகும், அறிவு வளர்ச்சி பாதிக்கப்படும், பலருக்கு ஆட்டிசம். கூடினாலும் தொல்லைதான்: 2013இல் ஷேங்க்3 கூடுதலாக உண்டாக்கிய சுண்டெலிகள் ஓரிடத்தில் நிற்காமல் பித்து போன்ற நடத்தையைக் காட்டின.

மரபணுவைச் சேர்த்துவிட்டால் போதும் என்று பேசுவதைக் கேட்கும்போது இனி எனக்கு இந்தச் சுண்டெலிகள்தான் நினைவுக்கு வரும். எவ்வளவு சேர்ப்பது, எந்த வயதில் சேர்ப்பது? 2016இல் வளர்ந்த சுண்டெலிகளில் ஷேங்க்3ஐத் திரும்பக் கொண்டுவந்தபோது பழகும் குணம் மேம்பட்டது, ஓயாமல் ரோமத்தைத் தேய்ப்பது குறைந்தது. பதற்றமும் உடல் ஒருங்கிணைப்புக் குறையும் அப்படியே இருந்தன. அந்த வரியை மூன்று முறை படித்தேன். வளர்ந்த மூளையிலும் கொஞ்சம் திருப்ப முடிகிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம்!

மார்ச் 15

பிளாஸ்மிட்டை ஆறு அளவுகளில் போட்டேன். பட்டை ஏறி, மூன்றாவது தடத்தில் உச்சம் தொட்டு, பிறகு படிப்படியாக இறங்குகிறது. கணக்கில் வந்த அதே மலை வடிவம். அடுத்தது, 809ஆம் இடத்தில் சிஸ்டைன் என்ற அமினோ அமிலத்தை டைரோசினாக மாற்றிய கேஎஸ்ஆர்1. அதால் மெக்கைப் பிடிக்க முடியாது. எந்த அளவிலும் ஏற்றம் வரக்கூடாது. செல்களைத் தட்டில் போட்டாயிற்று.