உறையில் இருபத்தைந்து டாலர்

2017 ஜூனில் அந்த பேஸ்பால் கிளப் அலுவலகத்தில் நான் செய்த முதல் வேலை, பழுப்பு உறைகளில் பணம் எண்ணிப் போட்டது. அணி வெளியூர் ஆட்டத்துக்குக் கிளம்பும்போது ஆளுக்கு நாளொன்றுக்கு 25 டாலர் சாப்பாட்டுப் படி. மூன்று நாள் பயணம் என்றால் 75 டாலர். பணம் மேலே இருக்கும் தாய் அணியுடையது. எண்ணிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவதில் பயிற்சியாளருக்கு நான் ஒத்தாசை. பையன்கள் வரிசையாக வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, உறையை வாங்கிக்கொண்டு பேருந்தில் ஏறுவார்கள். உறையைப் பிரித்து எண்ணிப் பார்க்காதவர்கள் மொத்த அணியில் மூன்று நான்கு பேர்தான். அவர்கள் யார் என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அன்றே லட்சக்கணக்கில் போனஸ் வாங்கியவர்கள்.

கணவரின் விசாவில் அமெரிக்கா வந்து, எனக்கும் வேலை அனுமதி கிடைத்த புதிது அது. நியூயார்க் மாநிலத்தின் வடக்கே ஒரு சின்ன ஊர். பி.காம். படிப்பை நம்பி, ஊரின் பேஸ்பால் கிளப்பில் கணக்கு வேலைக்குச் சேர்ந்தேன். கிரிக்கெட் ஓடிக்கொண்டே இருந்த வீட்டில் வளர்ந்தவள் என்பதால் ஆட்டம் பிடிபட ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆட்டத்துக்குப் பின்னால் இருந்த ஏற்பாடு பிடிபடத்தான் நாளாயிற்று.

உச்சப் படியான மேஜர் லீக்கில் 30 அணிகள். தாய் அணியான ஒவ்வொன்றின் கீழும் படிப்படியாக மைனர் லீக் அணிகள். 1920களில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்காக பிராஞ்ச் ரிக்கி வளர்த்தெடுத்த ஏற்பாடு இது; பண்ணை என்றே பெயர். எனக்கு அதை நாற்றங்கால் என்று நினைத்துக்கொள்ள வசதியாக இருந்தது. எங்கள் அணி விளையாடிய நியூயார்க்–பென் லீக் 1939இல் தொடங்கியது. ஜூன் நடுவில் ஆரம்பித்து செப்டம்பர் முதல் வாரத்தில் முடியும் குறுகிய பருவம். கல்லூரியிலிருந்து டிராஃப்டில், அதாவது அணிகள் சுற்றுச் சுற்றாகப் புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாட்டில், எடுக்கப்பட்ட பையன்களும், டொமினிகன் குடியரசிலிருந்தும் வெனிசுவேலாவிலிருந்தும் வந்த பத்தொன்பது இருபது வயதுப் பையன்களும் வந்து இறங்குவார்கள்.

பேருந்து, வெளியூர் ஓட்டல், மைதானப் பராமரிப்பு, டிக்கெட், ஹாட் டாக் கடை எல்லாம் உள்ளூர் கிளப்பின் கணக்கு. வீரர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் சம்பளம் தாய் அணி நேராகக் கொடுத்துவிடும். அதனால் அந்தச் சம்பளச் சீட்டுகள் என் மேசைக்கு வந்ததே இல்லை. ஒரு நாள் ராத்திரி ஆட்டம் முடிந்து கடைக் கணக்கை முடித்துக்கொண்டிருந்தபோது, பந்து பிடிக்கும் கேட்சர் பையன் ஒருவன் வந்து, மீந்துபோன ஹாட் டாக்குகளை எடுத்துப் போகலாமா என்று கேட்டான். வெட்கப்படாமல் கேட்டான், அதுதான் என்னை உலுக்கியது. அது அவனுக்குப் பழகிப்போயிருந்தது. விசாரித்தேன். வாரத்துக்கு ஏறக்குறைய 290 டாலர், வரி பிடிப்பதற்கு முன்னால். அதுவும் பருவம் நடக்கும் வாரங்களுக்கு மட்டும். அந்தப் பணத்திலும் கிளப்ஹவுஸில் துணி துவைத்து, ரொட்டியும் வேர்க்கடலை வெண்ணெயும் வாங்கி வைப்பவருக்கு ஒரு பங்கு கொடுக்க வேண்டும். நான்கு பேர் சேர்ந்து இரண்டு அறை வீட்டில் காற்றடைத்த மெத்தைகளில் படுத்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த கோடையில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தை இரண்டு பேருக்குக் கொடுத்தோம். வாடகை கிடையாது. ஊரில் பல குடும்பங்கள் காலங்காலமாகச் செய்துவந்ததுதான். ஒருவன் அந்தக் கேட்சர், இரண்டாவது பருவத்துக்கு இதே அணிக்குத் திரும்பி வந்திருந்தான். இன்னொருவன் பந்து வீசும் டொமினிகன் பிட்சர், 19 வயது. வந்த மூன்றாம் நாளே என்னை “மாமி” என்று கூப்பிட்டான். ஸ்பானிஷில் அம்மாவைச் செல்லமாகக் கூப்பிடும் சொல். நான் சமையலறையில் நின்றுகொண்டு ஒரு நிமிடம் எந்த ஊரில் இருக்கிறேன் என்றே தெரியாமல் திகைத்தேன்.

பிட்சர் ஒரு பிராஸ்பெக்ட், அதாவது மேஜர் லீக்குக்கு வருவான் என்று நம்பப்படுபவன். கண்காணிப்பாளர்கள் 20இலிருந்து 80 வரை மதிப்பெண் போடும் அட்டவணையில் அவனுடைய வேகப்பந்துக்கு நல்ல எண். கேட்சர் டிராஃப்டின் 34ஆவது சுற்றில் வந்தவன். அப்போது டிராஃப்ட் 40 சுற்று. 2021 முதல் 20 சுற்றுதான், இன்றைக்கு அவனைப் போன்றவனை எடுக்கவே மாட்டார்கள். போனஸாக அவனுக்குக் கிடைத்தது 1,000 டாலர். அவனைப் போன்றவர்களுக்கு அந்த உலகத்தில் ஒரு பெயர் உண்டு, ‘ஆர்க் கை’. நிறுவனத்து ஆள். பிராஸ்பெக்டுகள் விளையாட வேண்டுமென்றால் களத்தில் மற்ற இடங்களிலும் யாராவது நிற்க வேண்டுமே, அந்த யாராவது. பிட்சர் பந்து வீசிப் பழக ஒருவன் குந்தி உட்கார்ந்து பிடிக்க வேண்டும். நம்மவன் ஒரு நாளைக்கு மூன்று பேரின் பந்துகளைப் பிடித்துவிட்டு, வீங்கிய இடது கட்டைவிரலோடு வந்து ஐஸ் கேட்பான். தினமும் செய்து முடித்த அந்த வேலையை, அவன் எதிர்காலத்துக்காகக் கற்றுக்கொள்ளும் பாடம் என்றுதான் மேலே இருந்தவர்கள் சொன்னார்கள். எனக்கு அன்றும் அது ஏற்கவில்லை. பிடித்த பந்து பிடித்த பந்துதான், அதனால் பிட்சருக்கும் தாய் அணிக்கும் அன்றே பயன் கிடைத்துவிட்டது.

ஜூலைக் கடைசியில் டிரேட் கெடு, அதாவது அணிகள் வீரர்களைக் கைமாற்றிக்கொள்ளக் கடைசி நாள், வரும். அந்த வாரம் வீரர்கள் உட்காரும் டகவுட்டில் யாராவது யாரையாவது கட்டிப்பிடித்தால் மைதானமே திரும்பிப் பார்க்கும். அன்று மாலை எங்கள் பிட்சர்தான் வீசுவதாக இருந்தது. ஆட்டத்துக்கு அரை மணி முன்பு, பிட்சர்கள் வீசித் தயாராகும் புல்பென்னில் கேட்சருக்கு வீசிக்கொண்டிருந்தவனைப் பாதியில் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். எங்கள் தாய் அணிக்குப் பருவத்தின் கடைசி இரண்டு மாதத்துக்கு ஓர் அனுபவசாலி தேவைப்பட்டிருக்கிறார். அவருக்கு ஈடாக இவன். இப்படித்தான் 1987இல் டெட்ராய்ட் டைகர்ஸ் மூத்த பிட்சர் டாயில் அலெக்சாண்டருக்காக ஜான் ஸ்மோல்ட்ஸ் என்ற மைனர் லீக் பையனை அட்லாண்டாவுக்குக் கொடுத்தது. அலெக்சாண்டர் அந்த ஆண்டின் வழக்கமான பருவத்தில் டெட்ராய்டுக்காக ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. ஸ்மோல்ட்ஸ் பிற்காலத்தில் ஹால் ஆஃப் ஃபேமுக்கே போனார். 2016இல் மூத்த பிட்சர் ஜேம்ஸ் ஷீல்ட்ஸுக்காகக் கைமாறியபோது, பின்னாளில் நட்சத்திரமான ஃபெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியர் தொழில்முறையில் ஓர் ஆட்டமும் ஆடியிருக்கவில்லை. இந்தக் கதைகளையெல்லாம் ரசிகர்கள் லாப நஷ்டமாகப் பேசுவார்கள். நான் பார்த்தது, இரவு பத்து மணிக்கு எங்கள் கீழ்த்தளத்தில் ஒரு பையன் ஈரத் துணிகளை நெகிழிப் பையில் திணித்துக்கொண்டு, புது அணியின் ஊர் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று என் கணவரிடம் கேட்டதை. காலை ஆறு மணி விமானம். கேட்சர்தான் விமான நிலையத்துக்கு ஓட்டிக்கொண்டு போனான்.

அந்த டிரேடில் இன்னொரு வரியும் இருந்தது: ‘பெயர் பின்னர் அறிவிக்கப்படும் வீரர் ஒருவர்’. ஆறு மாதத்துக்குள் பெயரைச் சொன்னால் போதும். அக்டோபரில் ஒஹையோவிலிருந்து கேட்சர் கூப்பிட்டான். பருவம் முடிந்ததும் ஒரு கிடங்கில் பெட்டி ஏற்றும் வேலைக்குப் போயிருந்தான். “அந்தப் பெயர் என் பெயர்தானாம்” என்றான். குரலில் அத்தனை சந்தோஷம். ஏதோ ஓர் அலுவலகத்தில் யாரோ தன் பெயரைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள் என்பது அவனுக்குப் பெரிதாக இருந்தது. நானும் வாழ்த்தினேன். போனை வைத்த பிறகு நெடுநேரம் மனசு சரியில்லை.

2019 மார்ச்சில் புது அணியின் பயிற்சி முகாமுக்காக ஃப்ளோரிடா போனான். மூன்று வாரம், காலை ஆறரையிலிருந்து பிற்பகல் வரை. முகாமில் சம்பளம் இல்லை. தங்க இடமும் சாப்பாடும்தான். மூன்றாவது வாரக் கடைசியில் அவனை விடுவித்துவிட்டார்கள். அதற்கு ஓராண்டு முன்பு, 2018 மார்ச்சில், 2,000 பக்கங்களைத் தாண்டிய ஒரு செலவின மசோதாவுக்குள் ‘அமெரிக்காவின் பொழுதுபோக்கைக் காப்போம்’ என்ற பொருளில் பெயரிட்ட ஒரு சட்டத்தைச் செருகி நிறைவேற்றியிருந்தார்கள். மைனர் லீக் வீரர்களுக்குக் கூடுதல் நேர ஊதியம் கிடையாது, குறைந்தபட்சக் கூலியும் பருவத்தில் வாரம் 40 மணி நேரத்துக்கு மேல் கணக்கில்லை என்பது அதன் சாரம். அவனுக்கு அந்தச் சட்டம் இருப்பதே தெரியாது.

2019 இலையுதிர் காலத்தில் மேஜர் லீக், மைனர் லீக் அணிகளில் 42ஐக் கழற்றிவிடப்போகிறது என்ற செய்தி வந்தது. பட்டியல் பத்திரிகையில் வெளியானபோது அலுவலகத்தில் ஏழு பேர் ஒரே திரையைச் சுற்றி நின்று படித்தோம். எங்கள் பெயர் இருந்தது. மறு ஆண்டு பெருந்தொற்று. ஜூன் 30 அன்று முழுப் பருவமும் ரத்து. டிசம்பர் 9 அன்று 120 அணிகளின் பட்டியலை அறிவித்தார்கள், முன்பு 160. நியூயார்க்–பென் லீக் என்ற ஒன்றே இல்லாமல் போனது. ஜனவரியில் அலுவலகத்தைக் காலி செய்தபோது குப்பைத் தொட்டிக்குப் போகவிருந்த பழைய பதிவேடுகளில் ஒன்றை நான் வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

அப்படிக் கழற்றிவிடப்பட்ட அணிகளில் ஒன்றுதான் டிராய் நகரத்தின் ட்ரை-சிட்டி வேலிகேட்ஸ். சுயேச்சையான ஃப்ரண்டியர் லீக்கில் சேர்ந்து பிழைத்துக்கொண்டது. 2022இல் வானொலியில் அவர்கள் ஆட்டத்தைக் கேட்டுக்கொண்டிருந்தபோது “குமார்” என்று ஒரு பெயர் காதில் விழுந்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். குமார் ராக்கர், தாய்வழித் தாத்தா பாட்டி இந்தியாவிலிருந்து வந்தவர்கள். 2021 டிராஃப்டில் நியூயார்க் மெட்ஸ் பத்தாவதாக எடுத்து, மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு ஒப்பந்தம் செய்யாமல் விட்டுவிட்டது. தன்னை நிரூபிக்க அவருக்கு ஒரு மைதானம் தேவைப்பட்டது. அதைக் கொடுத்தது, தேவையில்லை என்று ஒதுக்கப்பட்ட அந்த அணி. 2022 ஜூலை டிராஃப்டில் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் மூன்றாவதாக எடுத்தது, 2024 செப்டம்பரில் மேஜர் லீக்கில் வீசினார். எங்கள் ஊர் மைதானத்தை நினைத்து அன்று அழுதேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

அந்த 2022இல்தான் நாங்கள் வேறு மாநிலத்துக்கு மாறினோம். மைனர் லீக்கின் நடுப்படிகளில் ஒன்றான ஹை-ஏயில் ஆடும் ஒரு கிளப்பில் மறுபடியும் கணக்கு வேலை. உள்ளே போனதும் வித்தியாசம் தெரிந்தது. முன்பெல்லாம் மூன்று ஆட்டத்துக்கு ஓர் ஊர். ராத்திரி முழுக்கப் பேருந்து, விடியற்காலை நான்குக்குப் போய் இறங்கி அன்று மாலையே ஆட்டம். இப்போது செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஒரே ஊரில் ஆறு ஆட்டம், திங்கள் ஓய்வு. பேருந்துக் கட்டணச் சீட்டுகள் பாதியாகக் குறைந்திருந்தன. பெரும்பாலான வீரர்களுக்குத் தாய் அணியே வீடு தர வேண்டும் என்பது 2022 முதல் விதி. கட்டிலையும் மெத்தையையும் எண்ணிச் சரிபார்த்து, சாவிகளுக்கு எண் ஒட்டுவது என் வேலையில் சேர்ந்தது. இவ்வளவு மனசோடு நான் செய்த அலுவலக வேலை வேறில்லை.

மார்ச் 2022இல் சான் ஃபிரான்சிஸ்கோ கூட்டாட்சி நீதிமன்றத்தில் நீதிபதி ஜோசப் ஸ்பெரோ, மைனர் லீக் வீரர்கள் ஆண்டு முழுவதும் ஊழியர்களே, பயிற்சிக் காலமும் வேலைதான் என்று தீர்ப்பளித்தார். முகாமினால் பயன்பெறுபவர்கள் வீரர்கள்தான் என்று லீக் தரப்பு வாதாடியிருந்தது. 2014இல் ஆரோன் சென்னி உள்ளிட்ட மூவர் தொடுத்த வழக்கு. அதை முன்னின்று நடத்திய வழக்கறிஞர் காரெட் புரோஷுயிஸ் தாமே மைனர் லீக்கில் பிட்சராக இருந்தவர். 18.5 கோடி டாலருக்குச் சமரசமானது. அதே ஆண்டு செப்டம்பரில் 5,000க்கும் மேற்பட்ட மைனர் லீக் வீரர்கள் மேஜர் லீக் வீரர்களின் சங்கத்தில் சேர்ந்தார்கள். 2023 வசந்தத்தில் முதல் ஒப்பந்தம். ஹை-ஏ வீரரின் ஆண்டுக் குறைந்தபட்சம் 11,000 டாலரிலிருந்து 27,300 ஆனது, மைனர் லீக்கின் மேல்படியான ட்ரிபிள்-ஏயில் 17,500இலிருந்து 35,800. பயிற்சி முகாமுக்கும் குளிர்காலத்தின் பெரும்பகுதிக்கும் சம்பளம் உண்டு.

எல்லாம் நல்லதாகவே முடிந்ததென்று சொல்ல மாட்டேன். அதே ஒப்பந்தத்தில், ஒவ்வொரு தாய் அணியும் உள்நாட்டில் வைத்துக்கொள்ளக்கூடிய மைனர் லீக் வீரர்களின் உச்சவரம்பு 180இலிருந்து 165ஆகக் குறைந்தது. 30 அணிகளுக்கு 450 இடங்கள், அவற்றில் போகிறவர்கள் 34ஆம் சுற்றுப் பையன்கள். கூலி கூடினால் ஆள் குறையத்தானே செய்யும் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். அன்று மாலை காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தலைக்குச் சுமார் 16,000 டாலர் கூடுதல் என்று வைத்தால், 165 பேருக்கு 26,40,000 டாலர். 2023இல் மேஜர் லீக்கில் ஒரே ஒரு புதுமுகத்தின் குறைந்தபட்சச் சம்பளம் 7,20,000. ஆக, நான்கு புதுமுகங்களுக்கு ஆகும் செலவுகூட இல்லை. 180 பேருக்கே கொடுத்திருந்தாலும் நான்கு பேரின் கணக்குதான் வந்திருக்கும். எங்கள் ஊர் லீக்கை மூடியதற்கும் சம்பள உயர்வையே காரணமாகச் சொல்பவர்களிடம் இந்தக் காகிதத்தை நான் இன்றும் காட்டுவேன்.

பிட்சருக்கு முழங்கை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வேகம் திரும்பவில்லை. ஊரில் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறான். ஆண்டுக்கு ஒருமுறை குரல் செய்தி வரும், மாமி என்று தொடங்கும். கேட்சர் ஒஹையோவில் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறான். சமரசத் தொகையில் அவன் பங்குக்குக் காசோலை வந்ததும் படம் எடுத்து அனுப்பினான். தொகை பெரிதில்லை. “ஃப்ளோரிடாவில் அந்த மூன்று வாரம்” என்று மட்டும் கீழே எழுதியிருந்தான்.

நான் அலமாரியிலிருந்து அந்தப் பதிவேட்டை எடுத்து, 2018 ஆகஸ்டில் ஒரு பக்கத்தில் அவன் கையெழுத்தைத் தேடிப் படம் எடுத்து அனுப்பினேன். மூன்று நாள் பயணம், 75 டாலர். சற்று நேரத்தில் பதில் வந்தது: அந்தப் பயணத்தில் பன்னிரண்டு முறை பேட் பிடித்து ஒரே ஒரு ஹிட், ஆனால் திருட்டுத்தனமாக அடுத்த பேஸுக்கு ஸ்டீல் பண்ண ஓடிய நான்கு பேரையும் இரண்டாவது பேஸில் அவுட் ஆக்கினேன், ஞாபகம் இருக்கிறதா என்று.