58 கிலோ என்று காட்டிய தராசு

டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு ஆறு மாதம் அப்பாவை நாங்கள் பட்டினி போட்டிருக்கிறோம். பாசத்தோடுதான். கிட்னி பழுதென்று முதலில் தெரிந்தபோது பருப்பு, முட்டை, கறியைக் குறைக்கச் சொன்னார்கள். டயாலிசிஸுக்குப் போனதும் அந்தப் பத்தியம் தலைகீழாகும் என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அம்மா ஜவ்வரிசிக் கஞ்சியாகக் காய்ச்சி ஊற்றினார். சேலத்தில் ஜவ்வரிசிக்கா பஞ்சம்? ஆனால் அது வெறும் மாவுச்சத்து.

அம்மாப்பேட்டையிலிருந்து வாரம் மூன்று நாள் ஆட்டோ. டயாலிசிஸ் முடிந்து எடை பார்த்தால் 58 கிலோ, மாதக்கணக்கில் அதே 58. இளைக்கவில்லையே என்று நிம்மதியாக இருந்தோம். சட்டை மட்டும் தோளில் தொளதொளத்தது. ராத்திரி படுத்தால் மூச்சு வாங்கியது. "தறியில உட்கார்ந்தா கை ஓயுது கண்ணு" என்பார்.

வேறு மருத்துவமனைக்கு மாறியபோது, அங்கிருந்த டயட்டீஷியன் அவருடைய மேல்கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் ரிப்போர்ட்டையே கேட்டார். ரத்தத்தில் இருக்கும் ஆல்புமின் என்ற புரதம் 2.9. டயாலிசிஸ் செய்பவர்களுக்கு 4-ஐ ஒட்டி இருந்தால் நல்லது, இறங்க இறங்க உயிருக்கு ஆபத்து கூடும் என்றார். சதை கரைந்த அளவுக்கு உடம்பில் நீர் தங்கியிருக்கிறது. தராசுக்கு இரண்டும் ஒன்றுதானே! டாக்டர் டிரை வெயிட்டை, அதாவது கூடுதல் நீரை எடுத்தபின் இருக்க வேண்டிய எடையை, கொஞ்சம் கொஞ்சமாக 54-க்கு இறக்கினார், மூச்சு வாங்குவது நின்றது. உடம்பில் எங்காவது கிருமித் தொற்று இருந்தாலும் ஆல்புமின் இறங்கும் என்று அதையும் சோதித்தார். நல்லவேளை, இல்லை.

சரி, சாப்பாடு. கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும், அப்பாவுக்கு நாளைக்கு 60 கிராம் பக்கம். ஒவ்வொரு டயாலிசிஸிலும் சில கிராம் அமினோ அமிலம் வேறு வெளியே போய்விடுகிறது. முட்டை வெள்ளைக்கருதான் கைகொடுத்தது: ஒன்றில் மூன்றரை கிராம் புரதம், பழுதான கிட்னியால் வெளியேற்ற முடியாமல் தேங்கும் பாஸ்பரஸோ மிகக் குறைவு. காய்களை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, வடித்துத்தான் சமையல். அதேபோல் உடம்பில் தேங்கும் பொட்டாசியம் அதில் கொஞ்சம் இறங்கிவிடும். புரட்டாசியில் முட்டையைத் தொட மாட்டேன் என்று அடம்பிடித்தார். அந்த மாதம் பன்னீரும், அதிலுள்ள பாஸ்பரஸ் உடம்பில் சேராமல் தடுக்கும் மாத்திரையுமாக ஓடியது.

தை மாத ரிப்போர்ட்டில் ஆல்புமின் 3.6. எடை 56, இந்த முறை காலில் வீக்கம் இல்லை. இப்போது சண்டையெல்லாம் பொட்டாசியம் உள்ள மாம்பழத்துக்குத்தான். சேலத்தில் இருந்துகொண்டு மல்கோவாவை ஒரு கீற்றோடு நிறுத்து என்றால் எந்த மனுஷன் கேட்பான்?