கண்ட்ரோல்-சி அடித்தும் நிற்காத பைத்தான்

பைத்தான் நிரலுக்குள் சி-யில் எழுதிய நூலகம் ஒன்று நீண்ட கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது கண்ட்ரோல்-சி அடித்துப் பாருங்கள், பல நேரம் ஒன்றுமே நடக்காது. இயங்குதளத்தின் மையமான கர்னல், 'நிறுத்து' என்று சொல்லும் சிக்னலை ஒழுங்காகத்தான் கொடுத்திருக்கும். ஆனால் சிக்னல் வந்ததும் ஓடுவதற்காகப் பைத்தான் உள்ளே வைத்திருக்கும் சி ஃபங்ஷன், அதாவது சி ஹேண்ட்லர், ஒரு குறியை மட்டும் போட்டுவிட்டுத் திரும்பிவிடும். நாம் எழுதிய பைத்தான் ஹேண்ட்லர், முதன்மைத் த்ரெட் சி-யை விட்டு மறுபடி பைட்கோடுக்கு, அதாவது பைத்தான் கட்டளைகளை ஓட்டுவதற்கு, வந்த பிறகுதான் ஓடும். சி லூப் பத்து நிமிடம் ஓடினால் பத்து நிமிடமும் காத்திருக்க வேண்டியதுதான். லூப்புக்குள்ளேயே அவ்வப்போது பைஎர்_செக்சிக்னல்ஸ் ஃபங்ஷனைக் கூப்பிட்டு, அது -1 தந்தால் வெளியே வரும்படி எழுதியிருந்தால் மட்டும் தப்பிக்கலாம்.

சரி, இதை எப்படிச் சோதிப்பது? டெஸ்டுக்குள்ளேயே தன் ப்ராசஸுக்கே சிக்னல் அனுப்பி, ஹேண்ட்லர் ஓடியதா என்று பார்ப்பதுதான் பலரும் செய்வது. அது பாஸ் ஆகும், ஆனால் சி பக்கத்தைத் தொட்டிருக்கவே மாட்டீர்கள். தனியாக ஒரு சைல்டு ப்ராசஸைக் கிளப்பி, அது சி லூப்புக்குள் இருக்கும்போது வெளியிலிருந்து சிக்னல் அனுப்ப வேண்டும். உள்ளே போய்விட்டது என்று எப்படித் தெரியும்? ஸ்லீப் போட்டுக் காத்திருப்பது என் கண்ணில் சூதாட்டம். 'ரெடி' என்று பைத்தானிலிருந்து ஒரு வரி அச்சிடுவதும் போதாது, ஏனென்றால் அந்த வரிக்கும் சி அழைப்புக்கும் நடுவே சிக்னல் விழுந்தால் பைத்தானே அதைப் பிடித்துக்கொள்ளும், டெஸ்ட் பொய்யாகப் பாஸ் ஆகிவிடும். அந்த வரியைச் சி கோடே, லூப் தொடங்கிய பிறகு, பஃபர் இல்லாமல் நேரடியாக ரைட் அழைப்பில் எழுதட்டும்.

அப்புறம் எக்ஸிட் கோட், அதாவது ப்ராசஸ் முடியும்போது விட்டுச்செல்லும் எண். பைத்தான் 3.8 முதல், யாரும் பிடிக்காத கீபோர்டு இன்டரப்டில் (கண்ட்ரோல்-சிக்குப் பைத்தான் எழுப்பும் எக்ஸெப்ஷன்) முடியும் ப்ராசஸ் தன்னையே சிக்இன்ட்டால் (கண்ட்ரோல்-சி அனுப்பும் சிக்னல், எண் 2) முடித்துக்கொள்கிறது, அதனால் சப்ப்ராசஸ் மாட்யூலில் -2 கிடைக்கும். ஹேண்ட்லரே இல்லாமல் சிக்னல் நேராகக் கொன்றிருந்தாலும் அதே -2 தான்! ஆகவே எண்ணை மட்டும் நம்பாமல், எப்படி முடிந்தாலும் ஓட வேண்டிய ஃபைனலி பகுதி ஓடியதா, தற்காலிகக் கோப்பு அழிந்ததா என்பதையும் பாருங்கள்.

உள்ளூரில் ஓடி பில்டு சர்வரில் தொங்கும் டெஸ்டுகளுக்கு ஒரு பழைய காரணம் உண்டு. ஷெல் ஸ்கிரிப்டில் '&' போட்டுப் பின்னணியில் கிளப்பிய ப்ராசஸுக்கு, ஜாப் கண்ட்ரோல் இல்லாதபோது, சிக்இன்ட்டை இக்னோர் செய்யும்படி ஷெல் வைத்துவிடும். அந்த நிலை, ப்ராசஸுக்குள் புது நிரலை ஏற்றும் எக்ஸெக் அழைப்பைத் தாண்டியும் ஒட்டிக்கொள்ளும். பைத்தானும் அதை மதித்துத் தன் ஹேண்ட்லரை வைக்காது. லினக்ஸில் அந்த ப்ராசஸின் ப்ராக் ஸ்டேட்டஸ் கோப்பில் இக்னோர் ஆகும் சிக்னல்களைக் காட்டும் சிக்இக்ன் (SigIgn) வரியைப் பார்த்தால் உடனே தெரியும்.

அதே கோப்பில் இருக்கும் சிக்சிஜிடி (SigCgt) வரி, ஒரு சிக்னலுக்கு ஹேண்ட்லர் இருக்கிறது என்று சொல்லும், அது யாருடையது என்று சொல்லாது. நூலகம் இம்போர்ட் ஆகும்போது சத்தமில்லாமல் நம் ஹேண்ட்லரை மாற்றிவைத்தால் அந்த வரி அப்படியேதான் இருக்கும். அதற்குச் சின்ன சி ஃபங்ஷன் ஒன்று எழுதி, புது ஆக்‌ஷனுக்கு வெற்று மதிப்பு (NULL) கொடுத்து சிக்ஆக்‌ஷனை ஒவ்வொரு சிக்னலுக்கும் கூப்பிட்டு, ஹேண்ட்லரின் முகவரியையும் கொடிகளையும் இம்போர்ட்டுக்கு முன்னும் பின்னும் ஒப்பிடலாம். எழுத அரை மணி நேரம்கூட ஆகாது. எனக்கு இதைவிடப் பயனுள்ள டெஸ்ட் வேறு இல்லை.

கோ மொழி நூலகமும் கூட இருந்தால் அந்த ஃபங்ஷனுக்கு இன்னொரு வேலை வரும். கோவின் இலகுவான த்ரெட் போன்ற கோரூட்டினின் ஸ்டாக் மிகச் சிறியது என்பதால், கோ அல்லாத கோடு வைக்கும் ஹேண்ட்லர்கள், தனி ஸ்டாக்கில் ஓடவைக்கும் எஸ்ஏ_ஆன்ஸ்டாக் கொடியோடு வைக்கப்பட வேண்டும் என்று கோ ஆவணமே கட்டாயமாகச் சொல்கிறது. இல்லாவிட்டால் சிக்னல் வரும்போது ப்ராசஸ் விழுந்துவிடலாம், அதுவும் எப்போதாவது ஒருமுறை. எல்லா நூலகங்களும் ஏறிய பிறகு, ஹேண்ட்லர் உள்ள எந்தச் சிக்னலில் அந்தக் கொடி இல்லையோ, டெஸ்ட் அங்கேயே ஃபெயில் ஆகட்டும்.