முதலில் மிதக்கட்டும்

கிருஷ்ணகிரிப் பக்கம் நீச்சல் தெரிந்த பையன்களுக்குப் பஞ்சமே இல்லை. தோட்டத்துக் கிணறு, முதுகில் ஒரு சுரைக்குடுக்கை அல்லது லாரி டியூப், மேட்டில் நின்று அதட்ட ஒரு சித்தப்பா. இது போதும், கொஞ்ச நாளில் கடப்பாரை நீச்சல் வரை பழகிவிடுவார்கள். அவர்களையே நீச்சல் குளத்தில் இறக்கினால் 50 மீட்டர் முடிவதற்குள் மூச்சு வாங்குகிறது. காரணம் தலை. கிணற்றில் பழகியவர்கள் தலையைத் தூக்கியே நீந்துவார்கள். தலை ஏறினால் இடுப்பும் காலும் இறங்கும். அப்புறம் எவ்வளவு கை வீசினாலும் உடம்பு முன்னே போகாது. முகத்தைத் தண்ணீரில் வைத்து, மூச்சை உள்ளேயே குமிழி குமிழியாக விட்டு, கை மாறும்போது முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி இழுக்க வேண்டும். தம் கட்டியே பழகிய பிள்ளைகளுக்கு இது லேசில் வராது. அதனால் என்னிடம் யார் வந்தாலும் முதலில் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குமிழி விடுவதுதான் வேலை.

போட்டிகளில் நீந்திய காலத்தில் எனக்கு ஸ்டாப்வாட்சே கதி. பயிற்சியாளரான பிறகு அதைக் கடைசியில்தான் கையில் எடுக்கிறேன்.

பெங்களூரு நிஷா மில்லட்டை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். சின்ன வயதில் தண்ணீரில் மூழ்கப்போய்ப் பிழைத்தவர். பயம் தெளியட்டும் என்று அப்பா நீச்சலில் சேர்த்துவிட்டார். அந்தப் பெண்தான் 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீந்தினார், அர்ஜுனா விருதும் வாங்கினார். பிறகு பெங்களூரிலேயே அகாடமி தொடங்கிப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரும் பயிற்சியாளர் ஆனார். ஒலிம்பிக் அனுபவத்தைவிட, அந்தப் பழைய பயம்தான் ஒரு பயிற்சியாளருக்குப் பெரிய சொத்து என்பேன். மீன்குஞ்சு போல வளர்ந்தவருக்கு, கம்பியை விடமாட்டேன் என்று இறுகும் விரல்கள் புரிவது கஷ்டம்.

எங்கள் ஊரில் பெண் பிள்ளைகளைக் கிணற்றில் இறக்குவது அபூர்வம். ஆனால் துணி துவைக்க ஏரிக்குப் போவது அவர்கள்தான். ஒருத்தி வழுக்கி விழ, தூக்கப்போன அக்காவும் அம்மாவும் கூடவே போன செய்தியைப் படிக்கும்போதெல்லாம் மனசு ஆறுவதில்லை.

“பெரிய பொண்ணாயிட்டா, இனிமே எதுக்கு சார்?” என்று ஒரு அம்மா மகளை நிறுத்த வந்தார்.

“மெடலுக்காக வேண்டாங்க்கா. மல்லாக்க மிதக்கக் கத்துக்கட்டும், அப்புறம் கூட்டிட்டுப் போங்க” என்றேன்.

அந்தப் பெண்ணுக்குக் காது நனைவதுதான் பயம். இரண்டு காதும் தண்ணீருக்குள் போகணும், தாடை வானத்தைப் பார்க்கணும், நெஞ்சு நிறைய மூச்சு இருக்கணும். பிடரிக்கு அடியில் என் மனைவி இரண்டு விரலை மட்டும் வைத்திருந்து, மெல்ல எடுத்துவிட்டார். எடுத்தது அவளுக்குத் தெரியவில்லை. கரையில் நின்ற அம்மாவுக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு அவர் நிறுத்துவதைப் பற்றிப் பேசவே இல்லை.

மிதக்க வந்ததும் அடுத்த பாடம், மூழ்குகிறவரைப் பார்த்துக் குதிக்காமல் இருப்பது. கயிறோ சேலையோ வீசி, தரையில் குப்புறப் படுத்து இழுக்கணும். இதை அம்மாக்களுக்கும் சொல்லித்தர வேண்டும். காலையில் பெண்களுக்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்கக் கேட்டிருக்கிறேன். கிடைத்தால் என் மனைவி நடத்துவார். வருவதற்கு ஆள் தயாராக இருக்கிறது.