வெளிநாட்டு வேலைக்கு இன்ரவியூ முடித்துக் காத்திருப்போர் போகும் யாழ்ப்பாணக் கோயில்கள்

சூமில் மூன்று பேர் இருந்து கேள்வி கேட்பார்கள். "அறிவிக்கிறோம்" என்பார்கள். கமரா அணைந்துவிடும். அன்று பின்னேரமே நல்லூருக்கு வெளிக்கிடுகிறவர்கள் யாழ்ப்பாணத்தில் நிறையப் பேர். முடிவு இரண்டு கிழமையிலும் வரலாம், இரண்டு மாதத்திலும் வரலாம். அந்த இடைவெளியில் எந்தக் கோயிலுக்கு எப்போது போவது, என்ன நேர்த்தி வைப்பது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பலர் அதைப் பார்க்காமல் போய், கோயில் வாசலில் நிற்கும்போது வந்த அழைப்பைத் தவறவிடுகிறார்கள்.

முதலில் மணிக்கூட்டைப் பாருங்கள். சவூதி, கத்தார், குவைத் மூன்றும் எங்களுக்கு இரண்டரை மணித்தியாலம் பிந்தியவை. அங்கே காலை 8 மணிக்கு அலுவலகம் திறந்தால் இங்கே 10.30. துபாய், மஸ்கற் ஒன்றரை மணித்தியாலம் பிந்தியவை, அதனால் அங்கே 8 மணி என்றால் இங்கே 9.30. லண்டனில் காலை 9 மணி என்பது கோடையில் எங்களுக்குப் பிற்பகல் 1.30, குளிர்காலத்தில் 2.30. ரொறன்ரோவின் 9 மணி கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. இவர்கள் எல்லோருக்கும் விடிகாலைப் பூசை பயமில்லாத நேரம். சிங்கப்பூர்தான் எதிர்மாறு. எங்களை விட இரண்டரை மணித்தியாலம் முந்தியது என்பதால் அங்கே 9 மணி இங்கே காலை 6.30. சிங்கப்பூர்க் கொம்பனிக்கு இன்ரவியூ கொடுத்தவர்கள் மாலைப் பூசைக்குப் போவது நல்லது.

கிழமையும் முக்கியம். சவூதி, கத்தார், குவைத்தில் வெள்ளியும் சனியும் விடுமுறை. வெள்ளிக்கிழமை முருகனுக்கு விரதம் இருந்து நல்லூரில் நாள் முழுக்க நின்றாலும் அந்த நாடுகளிலிருந்து அழைப்பு வருவது அபூர்வம். ஐக்கிய அரபு அமீரகம் 2022 ஜனவரியில் சனி, ஞாயிறு விடுமுறைக்கு மாறிவிட்டது. அங்கே வெள்ளி பல இடங்களில் அரை நாள் வேலை. ஞாயிற்றுக்கிழமை வல்லிபுர ஆழ்வாருக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எங்களுக்கு ஞாயிறு ஓய்வு நாள், தோகாவுக்கும் ரியாத்துக்கும் அது கிழமையின் முதல் வேலை நாள். வெள்ளி, சனி தேங்கிய கோப்புகளைத் திறப்பது அன்றுதான்.

நல்லூரில் பூசை மணி தவறாது. இந்தக் கணக்கெல்லாம் அங்கே சரிவருவதற்குக் காரணம் அதுதான். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போகலாம். போன் வைக்கும் பொக்கற்றும் சட்டையோடு போய்விடுகிறது. வேட்டி மடிப்பில் செருகினால் அட்டாங்க நமஸ்காரம் செய்யும்போது நழுவி நிலத்தில் விழும். கையில் வைத்திருந்தால் திருநீறும் சந்தனமும் வாங்க ஒரு கை போதாது. நீளமான கைபிடியுள்ள சின்னத் துணிப்பை ஒன்றை மாட்டிக்கொண்டு, போனைச் சத்தமில்லாமல் போட்டு அதற்குள் வைப்பதுதான் சரி. உள்ளே படம் எடுக்கக் கூடாது, போனை வெளியே எடுக்கவே தேவையில்லை. வெளிவீதிக்கு வந்த பிறகு பார்க்கலாம். உச்சிப் பூசை முடிந்து வரும்போது வீதி மணல் காலைச் சுடும். நிழல் ஓரமாக நடந்து போய்ப் பாருங்கள், வெயிலில் நின்றபடி ஈமெயிலை அவசரமாக வாசித்துப் பதில் அனுப்ப வேண்டாம்.

அருச்சனைச் சீட்டு ஒரு ரூபாய் என்பது ஊரறிந்த சங்கதி. சில்லறை கொண்டுபோங்கள். மூலவர் வேல். பிள்ளையாரைக் கும்பிட்டு, வேலைத் தரிசித்து, உள்வீதி சுற்றிவந்தால் போதும். முடிவு வரும்வரை நாளுக்கு ஏழு கோயிலில் ஏழு அருச்சனை செய்கிற வழக்கம் சிலரிடம் இருக்கிறது. அதனால் பயன் இல்லை என்று சொல்ல நாங்கள் யார்? ஆனால் காலைப் பூசையை நல்லூரில் பார்த்துவிட்டு, அதே காலையில் கண்டி வீதிக் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, போய்வருவது இரண்டு வேலையையும் முடிக்கும். வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிராந்திய அலுவலகம் மாவட்டச் செயலகத்தில் இருக்கிறது, சான்றிதழ் அத்தாட்சிக்குக் கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை. போகும் முன் எந்தச் சான்றிதழுக்கு முதலில் எந்தத் திணைக்களத்தின் முத்திரை வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். அந்த முத்திரை இல்லாமல் போனால் திருப்பி அனுப்புவார்கள்.

அதிகம் பேரை மறிக்கிறது பெயர்தான். கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முழுதாக விரிந்திருக்கும், பட்டச் சான்றிதழில் முதலெழுத்து மட்டும் இருக்கும், பிறப்புப் பத்திரத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பில் எழுத்துக்கூட்டல் வேறாக இருக்கும். அருச்சனைச் சீட்டில் பெயரை எப்படி எழுதினாலும் முருகனுக்கு ஆளைத் தெரியும், விசா அலுவலருக்குத் தெரியாது. இன்ரவியூ முடிந்து காத்திருக்கும் நாளே இதைச் சரிபார்க்கும் நாள். மொழிபெயர்ப்பைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போது கடவுச்சீட்டுப் பிரதியையும் சேர்த்துக் கொடுங்கள். பொலிஸ் அறிக்கையை மட்டும் அவசரப்பட்டு எடுக்க வேண்டாம். பழைய தேதியிட்டதை ஏற்காத நாடுகள் உண்டு, ஒஃபர் லெற்றர் கையில் வந்த பிறகு விண்ணப்பித்தால் போதும்.

தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி வேறு மாதிரி. வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசகர் மௌனமாகச் செய்யும் பூசை அது. மந்திரம் ஓதி அருச்சனை கேட்கிற இடமில்லை. அன்னதானக் கந்தன் என்று பெயர் பெற்ற கோயில் என்பதால் இங்கே அன்னதானமாகவே நேர்ந்துகொள்வார்கள். காத்திருப்பவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது இந்தக் கோயிலைத்தான். காரணம், நேர்த்தியை ஆளில்லாமலும் நிறைவேற்றலாம்.

நேர்த்தி வைக்கும்போதுதான் பிழை நடக்கிறது. நல்லூர்க் கொடியேற்றம் ஆடி அமாவாசை கழித்து ஆறாம் நாள். 25 நாள் திருவிழா, 24ஆம் நாள் தேர், ஆவணி அமாவாசையில் தீர்த்தம். தேருக்குக் காவடி எடுக்கிறேன், பிரதட்டை செய்கிறேன், கற்பூரச் சட்டி ஏந்துகிறேன், அடியழிக்கிறேன் என்று மாசியில் நேர்ந்துவிடுகிறார்கள். பங்குனியில் வேலை சரிவருகிறது, வைகாசியில் போய்ச் சேரச் சொல்கிறார்கள். முதல் வருடம் லீவு கிடைப்பது அரிது. நேர்த்தி அடுத்த வருடத்துக்குப் போகிறது, அங்கே ஒப்பந்தம் இரண்டு வருடமென்றால் அதற்கும் அடுத்த வருடத்துக்கு. இதற்காக அம்மாவோ தங்கச்சியோ "நீ நேர்ந்த கடன் நிற்குது" என்று ஒவ்வொரு அழைப்பிலும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். சொந்த உடம்பால் செய்யும் நேர்த்தியானால் விமானம் ஏறுமுன் முடிக்கக்கூடியதை நேருங்கள். அல்லது வீட்டார் உங்கள் பெயரில் செய்யக்கூடிய அபிஷேகம், அன்னதானம், மோதகப் படையல் என்று வையுங்கள். "முதல் மாதச் சம்பளத்தில்" என்று நேர்வதையும் தவிர்க்கலாம், அந்தச் சம்பளத்தில் இங்கே வாங்கின கடனின் தவணையும் இருக்கும்.

நயினாதீவு நாகபூசணி அம்மனுக்கு அரை நாளுக்கு மேல் ஒதுக்க வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து பஸ் வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போகும். அங்கிருந்து படகில் ஏறக்குறைய இருபது நிமிடம். படகின் கீழ்த்தட்டில் இயந்திரச் சத்தத்துக்குள் போன் அடிப்பதே கேட்காது, எடுத்தாலும் பேச முடியாது. சோழகக் காற்று பலமாக வீசும் மாதங்களில் கடல் குழம்பினால் சேவை பிந்தும், சில வேளை நிறுத்துவார்கள். திரும்பும் நேரத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, அன்று மாலை இரண்டாம் கட்ட இன்ரவியூவும் இருக்கிறதென்றால் இந்தப் பயணம் வேண்டாம். முதல் படகில் போய், மதியப் பூசையும் அன்னதானமும் முடித்து வருவதுதான் வசதி. ஆனிப் பூரணையையொட்டி வரும் திருவிழாக் காலத்தில் துறையில் வரிசை நீளும்.

முடிவு எப்போது வரும் என்று இன்ரவியூவின் கடைசியில் கேட்டிருந்தால் பாதிப் பாரம் குறையும். இரண்டு கிழமை என்றார்களானால் இரண்டு கிழமை கழித்து ஒரு சின்ன ஈமெயில் அனுப்புங்கள். வேலையின் பெயர், இன்ரவியூ நாள், முடிவு தெரிந்ததா என்ற கேள்வி, இவ்வளவு போதும். நோன்பு மாதத்தில் வளைகுடாவில் வேலை நேரம் சுருங்கும், இரண்டு பெருநாளுக்கும் பூட்டுவார்கள். நத்தாரிலிருந்து புதுவருடம் வரை லண்டனும் ரொறன்ரோவும் பெரும்பாலும் பதில் எழுதாது. ஸ்பாம் பெட்டியையும் பாருங்கள்.

இந்த நாட்களில்தான் ஏமாற்றுக்காரரும் வருவார்கள். "செலெக்ட் ஆகிட்டீர், விசாச் செலவுக்கு இன்றைக்குள் காசு போடுங்கோ" என்று ஒரு தனியாளின் வங்கிக் கணக்கைத் தந்தால் அது வேலையில்லை. விசிற் விசாவில் போய் அங்கே மாற்றலாம் என்பதும் அப்படித்தான். ஏஜென்சிக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் இருக்கிறதா, அந்த வேலைக்குப் பணியகம் அனுமதி கொடுத்ததா என்று 1989க்கு அழைத்துக் கேட்கலாம். காசு கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்குங்கள். கடவுச்சீட்டின் மூலத்தை "ஃபைலில் வைக்க" என்று யாரிடமும் விட்டுவைக்க வேண்டாம்.

சரிவந்துவிட்டால் மெடிக்கலுக்குக் கொழும்புக்கு இறங்கும்போது ஏ9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையார் வரும். வழிப்போக்கர் எல்லோரும் இறங்கித் தேங்காய் அடித்துக் கும்பிட்டுவிட்டுப் போகும் கோயில். இரவு பஸ்ஸில் நித்திரையாகிவிடுவீர்களானால் நடத்துநரிடம் முதலே சொல்லி வையுங்கள், அங்கே நிற்கிற நேரம் கொஞ்சம்தான். தேங்காயும் கற்பூரமும் அங்கேயே வாங்கலாம், கச்சான் சுருளும் கிடைக்கும். மெடிக்கலுக்கு முதல் நாள் விரதம் இருக்க வேண்டாம். கந்தசஷ்டி ஆறு நாளும் பால், பழத்தோடு இருந்துவிட்டு நேரே இரத்தம் கொடுக்கப் போனால் தலைசுற்றி விழுவீர்கள். திகதியை மாற்ற முடியாவிட்டால் விரதம் இருக்கிற விஷயத்தை டொக்டரிடம் முதலே சொல்லிவிடுங்கள்.