டெஸ்க்டாப் மாற்ற ஒரே விசை: ஓப்பன்பாக்ஸில் நான் செய்தது

பழைய புத்தகங்களின் ஸ்கேன் பக்கங்களைப் பார்த்துப் பிழை திருத்துவது என் வேலை. ஒரே திரையில் மாற்றி மாற்றிப் பார்க்கும் டெஸ்க்டாப்களில் ஒன்றில் ஸ்கேன், அடுத்ததில் லிப்ரெஆபிஸ், மூன்றாவதில் அகராதி பார்க்க பயர்பாக்ஸ். 2 ஜிபி ராம் உள்ள லேப்டாப், டெபியன் லினக்ஸ், எல்எக்ஸ்டிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப் சூழல். அதில் விண்டோக்களைப் பார்த்துக்கொள்வது ஓப்பன்பாக்ஸ்.

டெஸ்க்டாப் மாற்ற கன்ட்ரோலையும் ஆல்ட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அம்புக்குறியை அழுத்த வேண்டும். ஒரு பக்கம் முடிப்பதற்குள் 30, 40 தடவை. இடது மணிக்கட்டு வலிக்க ஆரம்பித்ததும், இதை மாற்றியே ஆக வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன்.

ஓப்பன்பாக்ஸின் விசைகள் எல்லாம் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பில் இருக்கும். வழிகாட்டியில் சொன்னபடி ஹோமில் கான்ஃபிக் அடைவுக்குள் ஓப்பன்பாக்ஸ் அடைவில் ஆர்சி.எக்ஸ்எம்எல் கோப்பை வைத்து, வின் (விண்டோஸ்) விசையோடு 1, 2, 3 என்று, அந்த எண்ணுள்ள டெஸ்க்டாப்புக்குப் போகும் 'கோடுடெஸ்க்டாப்' செயலை எழுதினேன். கோப்பை மறுபடி படிக்கச் சொல்லும் ரீகான்ஃபிகர் கட்டளையும் கொடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. எழுத்துப்பிழையோ என்று ஒவ்வொரு வரியாகத் தேடியே இரண்டு மணி நேரம் போனது.

கடைசியில் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களைப் 'பிஎஸ்' கட்டளையில் பட்டியலிட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. எல்எக்ஸ்டிஇ, ஓப்பன்பாக்ஸைத் தொடங்கும்போதே வேறு கோப்பைக் கையில் கொடுத்துவிடுகிறது. அதன் பெயர் எல்எக்ஸ்டிஇ-ஆர்சி.எக்ஸ்எம்எல். அதே அடைவில்தான் இருந்தது! நான் எழுதிய கோப்பை யாருமே படிக்கவில்லை. எல்எக்ஸ்டிஇ இல்லாமல் ஓப்பன்பாக்ஸ் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் வராது. எல்எக்ஸ்டிஇ என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

அதே வரிகளைச் சரியான கோப்புக்கு மாற்றியதும் உடனே வேலை செய்தது. டெஸ்க்டாப் எண்ணிக்கையையும் அங்கேயே 3 ஆக்கினேன்.

அப்புறம் விண்டோவை வேறு டெஸ்க்டாப்புக்கு அனுப்புவது. ஷிஃப்ட்டும் சேர்த்து 'சென்ட்டுடெஸ்க்டாப்'. இதில் 'ஃபாலோ' என்பதற்கு 'நோ' கொடுக்காவிட்டால் விண்டோவோடு நாமும் அங்கே போய்விடுவோம். பயர்பாக்ஸ் திறந்ததும் தானாக மூன்றாவதில் போய் உட்கார ஒரு விதியும் எழுதினேன். முதலில் அது பலிக்கவில்லை. 'ஓபிஎக்ஸ்ப்ராப்' கட்டளை கொடுத்து அந்த விண்டோவைக் கிளிக் செய்து பார்த்தால், டெபியனில் அதன் வகைப்பெயர் (விண்டோவை ஓப்பன்பாக்ஸ் அடையாளம் காணும் பெயர்) இஎஸ்ஆர் என்ற வாலோடு இருந்தது; அது பயர்பாக்ஸின் நீண்டகால ஆதரவுப் பதிப்பைக் குறிப்பது. அதை அப்படியே எழுதியதும் சரியாகிவிட்டது.

எனக்கு ரொம்பப் பிடித்தது கடைசியாகச் செய்ததுதான். 'கோடுடெஸ்க்டாப்'புக்கு எண்ணுக்குப் பதிலாக 'லாஸ்ட்' என்று கொடுத்தால், சற்று முன் இருந்த டெஸ்க்டாப்புக்கே திரும்பும். அதை வின்-டேப்பில் வைத்திருக்கிறேன். ஸ்கேனில் ஒரு வரி, ஒரு தட்டு, எழுத்தில் அதே வரி, இன்னொரு தட்டு. எண்ணைக்கூட நினைக்க வேண்டியதில்லை. கண் படித்த வரியை விடுவதில்லை. அந்தக் கோப்பின் நகல் ஒன்றைப் பென்டிரைவிலும் போட்டுவைத்துவிட்டேன்.